உப்புக்காற்றில் பழைய கார்

மட்டாஞ்சேரியில் பழைய கார் வாங்கப் போகிறவர் பானெட்டைத் திறக்க அவசரப்பட வேண்டாம். முதலில் ஒரு சாக்கை விரித்துத் தரையில் படுத்து, டார்ச் அடித்து வண்டியின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். எஞ்சினில் எந்தக் கோளாறு இருந்தாலும் கொச்சியில் அதற்கு ஆள் உண்டு, உதிரிபாகம் உண்டு. ரீபோர் செய்யலாம், ஹெட்டை இறக்கி வால்வு வேலை பார்க்கலாம், கிளட்ச் மாற்றலாம். பாடியின் அடித்தகடு போய்விட்டால், அதை மீட்கச் செலவாகும் பணத்துக்கு இன்னொரு பழைய வண்டியே வந்துவிடும்.

காரணம் ஊரின் அமைப்பு. மேற்கே அரபிக்கடல், கிழக்கே காயல், நடுவில் சில கிலோமீட்டர் அகலத்துக்குத் தரை. பஜார் ரோட்டின் மசாலாக் கிட்டங்கிகளுக்கும் ஜூ டவுனுக்கும் தோப்பும்படிக்கும் இடையே நாள்தோறும் ஓடும் வண்டிகளில் மாருதி 800 இன்னும் கண்ணில் படுகிறது. சிலவற்றில் மட்டாஞ்சேரி போக்குவரத்து அலுவலகத்தின் கே.எல். 43 எண் இருக்கும். மூத்தவை எர்ணாகுளத்தின் கே.எல். 7 எண்ணோடு ஓடுகின்றன. 1983 டிசம்பரில் முதல் 800 கைமாறியது, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. கடைசியாக வெளிவந்த வண்டிக்கே பத்து வயது தாண்டிவிட்டது. 796 சிசி, மூன்று சிலிண்டர், ஏறக்குறைய 650 கிலோ எடை. இந்த ஊர்ச் சந்துகளில் திருப்பவும் நிறுத்தவும் இதைவிடத் தோதான வண்டி குறைவு. அதை அன்றாடம் ஓட்ட விரும்புகிறவர்களிடம் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: இங்கே கார் ஓடி ஓடிச் சாவதைவிட உப்பில் கிடந்து சாவதுதான் அதிகம். எந்த வேலைக்கு முதலில் பணம் போடுவது என்பதை உப்பை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சீட் கவர், மியூசிக் சிஸ்டம், அலாய் வீல், பிறகு பெயின்ட், எல்லாம் முடிந்து மிச்சம் இருந்தால் அடிப்பாகம் என்று போகும் வழக்கமான வரிசையை அப்படியே தலைகீழாக்க வேண்டும்.

துரு என்பது மின்வேதியியல். தகட்டின் ஒரு புள்ளியில் இரும்பு அணு இரண்டு எலெக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனியாக மாறி, மேலே படிந்திருக்கும் நீருக்குள் இறங்குகிறது. விடுபட்ட எலெக்ட்ரான்கள் உலோகத்தின் வழியாகவே ஓடி வேறொரு புள்ளிக்குப் போகின்றன. அங்கே நீரில் கரைந்த ஆக்சிஜன் அவற்றை வாங்கிக்கொள்கிறது. முதல் புள்ளி நேர்மின்வாய், இரண்டாவது எதிர்மின்வாய். ஒரே தகட்டில் ஒரு குட்டி பேட்டரி. இந்தச் சுற்று முழுமையாக வேண்டுமென்றால் நீர்ப்படலத்தின் ஊடே அயனிகள் நகர வேண்டும். மழைநீர் போன்ற நன்னீரில் அயனிகள் சொற்பம், வினை மெதுவாக நடக்கும். உப்பு கரைந்த நீரில் பாதை திறந்து கிடக்கிறது. போதாததற்கு, உப்பிலுள்ள குளோரைடு இரும்பின் மேல் உருவாகும் மெல்லிய காப்புப் படலத்தையும் துளைத்துவிடுகிறது.

பிறக்கும் துரு, தான் விழுங்கிய இரும்பைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கிறது. அதனால்தான் பெயின்ட் கொப்புளிக்கிறது, இரண்டு தகடுகள் சேரும் மடிப்பு வாய் பிளக்கிறது. அலுமினியத்தின் ஆக்சைடு கெட்டியாக ஒட்டிக்கொண்டு கீழே உள்ள உலோகத்தைக் காக்கும். துருவுக்கு அந்தக் குணம் கிடையாது. நுண்துளைகள் நிறைந்த அது நீரையும் உப்பையும் பிடித்துவைத்து அடுத்த அடுக்கை அரிக்கக் கொடுக்கிறது.

உப்பு இன்னொரு வேலையும் செய்கிறது. இந்த ஊருக்கு அதுதான் முக்கியம். சோடியம் குளோரைடு, காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தொட்டதும் காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு 33 சதவீதத்திலேயே இதைச் செய்யத் தொடங்கும். மழைக்காலம் முழுவதும், மற்ற மாதங்களின் இரவுகளில் பெரும்பாலும், கொச்சிக் காற்று 75ஐத் தாண்டித்தான் நிற்கிறது. ஆகவே மழை பெய்யாத நாளிலும், கூரைக்குக் கீழே நிறுத்திய வண்டியிலும், உப்பு படிந்த தகடு ஈரமாகவே இருக்கிறது. கோவையில் அதே வயதுள்ள அதே மாடல் வண்டியின் அடிப்பாகம் மண் படிந்து வறண்டு கிடக்க, இங்கே அது பொரிந்து உதிர்வதற்கு விளக்கம் இதுதான்.

வளிமண்டலம் உலோகத்தை அரிக்கும் கடுமையை ஐஎஸ்ஓ தரநிலை 9223 வகைப்படுத்துகிறது. மென்மையான சூழலில் வெற்று எஃகு முதல் ஆண்டில் 25 மைக்ரோமீட்டருக்கும் குறைவாகத் தேயும். கடுமையான கடலோரச் சூழல்களில் 80 முதல் 200 வரை. கார் பாடியின் தகடு 0.8 மில்லிமீட்டர் அளவு, அதாவது 800 மைக்ரோமீட்டர். பெயின்ட் உரிந்த இடத்தில் அந்தத் தகடு எத்தனை ஆண்டு தாங்கும் என்று இந்த எண்களை வைத்து நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

உலோக அரிப்பு ஆராய்ச்சியில் தமிழ்நாட்டுக்கு ஒரு பெரிய இடம் உண்டு என்பதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் அது அந்த ஊருக்கு வந்தது. இந்தியாவின் எந்தப் பகுதியில் உலோகம் எவ்வளவு வேகமாக அரிபடும் என்று காட்டும் வரைபடத்தை உருவாக்கியவர்கள் அந்த நிறுவனத்தார். கடல் அரிப்பை நேரடியாகச் சோதிக்க மண்டபத்தில் அவர்களுக்கு ஓர் ஆய்வு நிலையமும் இருக்கிறது. பாலத்துக்கும் துறைமுகத்துக்கும் செய்யப்பட்ட அந்த ஆராய்ச்சியின் அடிப்படைகள் ஒரு பழைய 800இன் அடித்தகட்டுக்கும் அப்படியே பொருந்தும்.

மழைதான் வண்டியைக் கெடுக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் அளவில் பெய்யும் ஊரில் அப்படித் தோன்றுவது இயல்பு. கூரை, பானெட், கதவு ஆகியவற்றின் மேல் படிந்த உப்பை அந்த மழையே கழுவிவிடுகிறது. கழுவப்படாமல் போவது மழை நேராகப் படாத இடங்கள்: மட்கார்டின் உள்பக்கம், கதவுக்குக் கீழே படியாக ஓடும் பெட்டித் தகட்டின் உட்புறம், பெட்ரோல் டாங்கின் முதுகு. இவற்றில் உப்பு ஆண்டுக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகிறது. மட்கார்டு மடிப்பில் சேறு அப்பியிருந்தால் இன்னும் மோசம். சேற்றுக்கு அடியில் ஆக்சிஜன் குறைவு, வெளியே அதிகம். அந்த வேறுபாடே மின்கலத்தை உண்டாக்குகிறது. ஆக்சிஜன் குறைந்த பக்கம் நேர்மின்வாயாகி அரிபடுகிறது. மூடிக் கிடப்பதால் பத்திரமாக இருக்கும் என்று நாம் எண்ணும் இடம்தான் முதலில் ஓட்டையாகிறது.

இன்னொரு கணக்கும் வழக்கத்துக்கு எதிரானது. ஜூன், ஜூலையில் தெருவில் தேங்குவது பெரும்பாலும் நன்னீர். அப்போது ஆறுகள் பெருக்கெடுத்து, காயலின் மேல்நீரே உப்பில்லாமல் போய்விடும். மழை ஓய்ந்த பிறகு கடல்நீர் மெல்ல உள்ளே ஏறி, கோடையில் அழிமுகத்தருகே லிட்டருக்கு 30 கிராமுக்கு மேல் உப்பு இருக்கும். திறந்த கடலில் இருப்பது 35. கும்பளங்கி, எடக்கொச்சி பக்கம் பனிக்காலத்திலும் அதற்குப் பிறகும் ஓதம் பொங்கித் தெருவில் ஏறும் நீர் இந்த வகை. கணுக்கால் அளவுதான் என்று அதன் வழியே ஓட்டிப் போனால் அடித்தகடு, பிரேக் பைப், சைலன்சர் எல்லாம் உப்புநீரில் குளித்துவிடுகின்றன. ஜூலை வெள்ளத்தில் போய்வந்த வண்டியைவிட ஜனவரி ஓதத்தில் போய்வந்த வண்டியைத்தான் அன்றைக்கே கழுவ வேண்டும். குழாய்த் தண்ணீரை நல்ல அழுத்தத்தில் அடியிலும் மட்கார்டுக்குள்ளும் அடித்தால் போதும். கிணற்று நீர் உப்புக் கரிக்கும் வீடாக இருந்தால் அதைத் தொடக்கூடாது.

கழுவும்போதே படித்தகட்டின் அடியிலும் கதவுகளின் கீழ்விளிம்பிலும் உள்ள வடிகால் துளைகளைக் கம்பி விட்டுக் குத்திப் பார்ப்பது நல்லது. அவை அடைபட்டால் தண்ணீர் உள்ளேயே நிற்கும். ஏசி உள்ள வண்டியில் இன்னொரு துளையும் இருக்கிறது. குளிர்ந்த சுருளில் படியும் நீர் ஒரு சிறு ரப்பர் குழாய் வழியாக வெளியே சொட்ட வேண்டும். இந்த ஈரக்காற்றில் அப்படிச் சேரும் நீர் கொஞ்சமல்ல. குழாய் அடைத்தால் அது முன்சீட்டின் கால்மிதிக்கு அடியில் இறங்கும். மேலே ரெக்சின், கீழே கம்பளி மாதிரியான மெத்தை, அதற்கும் கீழே தகடு. மெத்தை மாதக்கணக்கில் ஈரமாகவே இருந்து தகட்டை உள்ளிருந்து தின்னும். காருக்குள் புழுங்கல் வாடை வந்தால் வாசனைத் திரவியம் வாங்குவதற்கு முன் மிதியடியைத் தூக்கிப் பாருங்கள்.

துருப்பிடித்த பிறகு செய்யும் டிங்கரிங் வேலையில்தான் பணம் அதிகம் வீணாகிறது. ஓட்டையின் மேல் ஒரு தகட்டை வைத்து ஒட்டி, பட்டி பூசித் தேய்த்து, பெயின்ட் அடித்துக் கொடுத்தால் வண்டி புதிதாகத் தெரியும். அடியில் துரு அப்படியே இருக்கிறது, இரண்டு தகடுகளுக்கு நடுவே நீர் ஏற ஒரு புது இடுக்கும் கிடைத்துவிட்டது. பட்டியும் ஈரம் குடிக்கும். இரண்டு மழைக்குள் அதே இடம் கொப்புளிக்கும். சரியான வேலை என்றால், பளபளவென்று நல்ல இரும்பு தெரியும் இடம் வரை வெட்டி எறிய வேண்டும். 20 கேஜ் தகட்டில் அதே வடிவம் தட்டி, விளிம்போடு விளிம்பு சேர்த்துப் பற்றவைக்க வேண்டும். கேஸ் வெல்டிங்கைவிட, பட்டறைகளில் சிஓ2 வெல்டிங் என்று சொல்லப்படும் முறை மேல். கேஸ் சுடரின் வெப்பம் அகலமாகப் பரவி, பின்பக்கத்துப் பழைய பிரைமரையும் பொசுக்கி, அடுத்த துருவுக்கு வழி திறந்துவிடும். சிஓ2வில் வெப்பம் குறுகிய இடத்தில் அடங்கும். பிறகு துத்தநாகம் கலந்த பிரைமர், மடிப்புகளில் சீலர், கடைசியில் பெட்டித் தகடுகளுக்குள் நீளக் குழாய் விட்டு மெழுகு கலந்த எண்ணெய்த் தெளிப்பு. துத்தநாகம் இரும்பைவிட எளிதில் எலெக்ட்ரானை விடக்கூடியது. கீறல் விழுந்த இடத்தில் அது முதலில் கரைந்து இரும்பைக் காக்கும்.

கடைகளில் கிடைக்கும் துரு மாற்றிகளும் பயனுள்ளவைதான், எல்லை தெரிந்து பயன்படுத்தினால். பாஸ்பாரிக் அமிலம் கலந்தது துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும். டானின் கலந்தது அதைக் கருநிறச் சேர்மமாக்கும். கலம்காரித் துணிக்குக் கடுக்காயும் இரும்பு ஊறல் நீரும் கறுப்பு கொடுப்பது இதே வேதியியலால்தான். மேலோட்டமான துருவுக்கு இது நடக்கும். அடுக்கடுக்காக உரியும் துருவின் மேல் தடவினால் மேலடுக்குத்தான் கறுக்கும்.

அடிப்பாகத்துக்கு அடிக்கும் ரப்பர் கோட்டிங் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. சுத்தமான, காய்ந்த தகட்டின் மேல் அடித்தால் அது கல் தெறிப்பிலிருந்து காக்கும். துருவின் மேலும் உப்பின் மேலும் அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்து மூடி, நடப்பதைக் கண்ணிலிருந்து மறைத்துவிடும். விற்பதற்கு முன் அவசரமாகக் கறுப்புக் கோட்டிங் அடித்த பழைய வண்டியை வாங்கும்போது ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும்.

காயலில் நிற்கும் எஃகுப் படகுகளின் அடியில் துத்தநாக, அலுமினியக் கட்டிகள் பொருத்தியிருப்பார்கள். கட்டி கரையும், படகு பிழைக்கும். இதன் வரலாற்றில் கொச்சிக்கு ஒரு பங்கு இருக்கிறது. லண்டனில் ஹம்ஃப்ரி டேவி 1824இல் இந்தக் கொள்கையை விவரித்து, செப்புத் தகடு போர்த்திய மரக்கப்பலில் இரும்புக் கட்டிகளைப் பொருத்திச் செப்பைக் காக்க முடியும் என்று காட்டினார். அதற்கு முதலில் பயன்பட்ட போர்க்கப்பல் ‘சமராங்’. அது 1822இல் கொச்சியில் தேக்கு மரத்தால் கட்டி இறக்கப்பட்டது. செம்பு அரிபடவில்லை. ஆனால் செப்பு அயனிகள் கசிவது நின்றதால் சிப்பிகளும் பாசியும் ஏராளமாக ஒட்டிக் கப்பலின் வேகத்தைக் குறைத்தன. கடற்படை அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது; கொள்கை பிழைத்து, இன்று குழாய்களையும் கப்பல்களையும் காக்கிறது.

படகைக் காக்கும் கட்டி காரைக் காக்காதா என்ற கேள்வி நியாயமானது. பேட்டரியில் இணைத்தால் வண்டி முழுவதும் துருப்பிடிக்காது என்று சொல்லி விற்கப்படும் மின்னணுக் கருவிகளும் இதே ஆசையின் மேல்தான் நிற்கின்றன. படகு முழுவதும் உப்புநீரில் இருக்கிறது. கட்டிக்கும் உடலுக்கும் நடுவே அயனிகள் நகரத் தொடர்ச்சியான பாதை உண்டு. கார் காற்றில் நிற்கிறது. அதன் மேல் இருப்பவை ஒன்றோடொன்று சேராத ஈரத் திட்டுகள். ஒரு மூலையில் வைத்த கட்டியோ கருவியோ மறுமூலைத் திட்டை எட்டவே முடியாது. பிரைமரில் கலந்த துத்தநாகம் பலிப்பதற்குக் காரணம், அது ஒவ்வொரு திட்டிலும் இரும்பைத் தொட்டுக்கொண்டு இருப்பதுதான். அந்தக் கருவிக்குக் கொடுக்கும் பணத்தை மெழுகுத் தெளிப்புக்குக் கொடுங்கள்.

தகட்டு வேலை முடிந்தால் அடுத்தது மின்சாரம். அதுவும் துருவின் தொடர்ச்சியே. காரில் பேட்டரியின் நெகட்டிவ் பக்கம் பாடியோடு இணைந்திருக்கிறது. எல்லா விளக்கின் மின்சாரமும் பாடி வழியாகத்தான் திரும்புகிறது. எர்த் போல்ட்டுக்கு அடியில் துரு ஏறினால் அங்கே மின்தடை. வயரின் முனையில் உப்பு ஈரம் ஏறினால் செம்பு இழைகளில் பச்சைக் களிம்பு, அதுவும் தடை. ஹெட்லைட் மங்கினால் பல்பைக் குறை சொல்வோம். ஹாலஜன் பல்பின் ஒளி, மின்னழுத்தத்தின் ஏறக்குறைய 3.4ஆம் அடுக்குக்கு ஏற்ப மாறும். மின்னழுத்தம் 15 சதவீதம் குறைந்தால் ஒளி 40 சதவீதத்துக்கு மேல் போய்விடும். 60 வாட் பல்பு இரண்டு எரியும்போது ஓடுவது 10 ஆம்பியர், வழியில் 0.2 ஓம் தடை இருந்தால் 2 வோல்ட் அங்கேயே காணாமல் போகும். பழைய வண்டிகள் பலவற்றில் இந்த முழு மின்சாரமும் ஸ்டியரிங் அருகிலுள்ள சுவிட்ச் வழியாகவே போய்வருகிறது.

மக்கள் செய்வது 100 வாட் பல்பு போடுவது. வயரில் ஓடும் மின்சாரம் கூடும், இழப்பும் கூடும், சுவிட்ச் உருகும், எதிரே வருபவர் கண் கூசும். செய்ய வேண்டியது ரிலே வைப்பது. பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாகத் தடித்த வயர் நேரே விளக்குக்கு. பழைய சுவிட்ச் ரிலேயை இயக்க மட்டும். கூடவே எர்த் போல்ட்களைக் கழற்றி, தேய்த்து, பெட்ரோலியம் ஜெல்லி தடவி இறுக்குவது. பழைய வண்டிக்குச் செய்யக்கூடிய மேம்பாடுகளில் கொடுத்த காசுக்கு இவ்வளவு பலன் தருவது வேறில்லை என்று நினைக்கிறேன். ஜூலை மாத இரவில், தோப்பும்படிப் பக்கம் மழைத்திரையின் ஊடே சைக்கிள்காரரைக் கொஞ்சம் முன்னதாகப் பார்க்க முடிவது சின்ன விஷயமல்ல.

எஞ்சினுக்கு வருவோம். இங்கே ஓட்டம் குறுகியது. மார்க்கெட்டுக்கு, பள்ளிக்கூடத்துக்கு, படகுத்துறைக்கு. எஞ்சின் முழுச் சூட்டை எட்டுவதற்கு முன்பே நின்றுவிடும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியாகப் பிறக்கிறது. நீண்ட ஓட்டத்தில் அது புகையோடு வெளியேறும். குறுகிய ஓட்டத்தில் சைலன்சருக்குள்ளேயே குளிர்ந்து தேங்கி அதை உள்ளிருந்து அரிக்கும், கொஞ்சம் பிஸ்டனைத் தாண்டி எஞ்சின் ஆயிலிலும் சேரும். வாரத்தில் ஒரு நாளாவது எர்ணாகுளத்துக்கு அப்பால் அரை மணிக்கு மேல் நிற்காமல் ஓட்டுவது இதற்கான மருந்து. ஆயிலைக் கிலோமீட்டர் பார்க்காமல் மாதம் பார்த்து மாற்றுவது இன்னொன்று.

சூடேறும் வண்டிக்கு தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் பட்டறைகளில் பரவிய பழக்கம். அதன் வேலை எஞ்சினைச் சீக்கிரம் சூட்டுக்குக் கொண்டுவருவதும் அந்தச் சூட்டில் நிறுத்துவதும். அதைக் கழற்றினால் குறுகிய ஓட்டத்தில் எஞ்சின் எப்போதும் குளிர்ந்தே ஓடும். பெட்ரோல் அதிகம் குடிக்கும், சிலிண்டர் தேயும். சூடேறுவதற்கான உண்மையான காரணம் பெரும்பாலும் அடைத்த ரேடியேட்டர், அதற்கும் காரணம் வெறும் தண்ணீர். உப்புக் கிணற்று நீரை ஊற்றினால் அலுமினிய ஹெட்டை குளோரைடு துளைக்கும். கூலன்ட்டின் பெரிய பயன் அதிலுள்ள அரிப்புத் தடுப்பான்கள்தான். கொதிநிலை உயர்வது உபரி. ரேடியேட்டர் மூடியையும் பாருங்கள். 0.9 பார் அழுத்தத்தைத் தாங்கும் மூடி வெறும் தண்ணீரின் கொதிநிலையைக்கூட 118 டிகிரிக்கு மேல் உயர்த்தும். ரப்பர் தளர்ந்த மூடியில் அது 100தான்.

எரிபொருள் மாறிவிட்டது என்பதையும் பழைய வண்டிக்காரர் கணக்கில் எடுக்க வேண்டும். 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுவதும் ஈயமில்லாத பெட்ரோல்தான். வால்வு உட்காரும் இருக்கைக்கு ஈயம் ஒரு மெத்தையாக இருந்தது. அம்பாசடர், பத்மினி போன்ற முந்தைய தலைமுறை எஞ்சினில் அது இல்லாமல் இருக்கை தேய்ந்து டாப்பெட் இடைவெளி அடிக்கடி குறையும். அடுத்த முறை ஹெட் லேத்துக்குப் போகும்போது கடின எஃகு வளையம் போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. எத்தனால் விவகாரம் எல்லாருக்கும் உரியது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023இல் அறிமுகமாகி இப்போது எங்கும் வந்துவிட்டது. எத்தனாலில் லிட்டருக்குக் கிடைக்கும் ஆற்றல் பெட்ரோலில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு. அதனால் பழைய கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று 2021இல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கையே சொல்கிறது. மைலேஜைவிட எனக்குக் கவலை ரப்பர்தான். பழைய பெட்ரோல் ஹோஸ், பம்பின் டயாஃப்ரம், கார்புரேட்டர் கேஸ்கெட் ஆகியவை எத்தனாலில் ஊதி, மிருதுவாகி, வெடிக்கும். எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில் பெட்ரோல் கசிந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. ஃப்ளூரோ ரப்பர் வகை ஹோஸ்களை வாங்கி எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடுங்கள். எத்தனால் காற்றின் ஈரத்தையும் இழுக்கும். அளவு மீறினால் நீரும் எத்தனாலும் சேர்ந்து டாங்கின் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். வாரக்கணக்கில் ஓட்டாமல் போடப்பட்ட வண்டி மழைக்காலத்தில் இழுத்து இழுத்து ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஈரத்தை இழுக்கும் இன்னொரு திரவம் பிரேக் ஆயில். டாட் 3 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி. 3.7 சதவீதம் நீர் கலந்ததும் அந்த வரம்பு 140க்கு இறங்கிவிடும். ஊருக்குள் அந்த வித்தியாசம் தெரியாது. குடும்பத்தோடு மூணாறு போய் இறங்கும்போது, தொடர்ந்து மிதித்ததில் சக்கர சிலிண்டர் சூடாகி, ஆயில் கொதித்து ஆவிக் குமிழ் உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. கொச்சிக் காற்றில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயில் முழுவதையும் மாற்றியே ஆக வேண்டும். மாற்றும்போது டாட் 4 போடலாம், வரம்புகள் 230ம் 155ம். பழைய ஆயிலிலுள்ள நீர் சிலிண்டர்களை உள்ளிருந்து துருப்பிடிக்க வைப்பதும் அதோடு குறையும். இரும்பு பிரேக் பைப்களையும் கையால் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று செதில் தட்டுப்பட்டால் மாற்றிவிட வேண்டியதுதான்.

வண்டியின் தோற்றத்தையும் அமைப்பையும் மாற்ற நினைக்கிறவர்களுக்குச் சட்டம் தெளிவாக இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களிலிருந்து மாறுபடும் மாற்றங்களைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. எஞ்சின் மாற்றமோ சிஎன்ஜியோ செய்வதென்றால் அனுமதி பெற்று ஆர்.சி.யில் பதிய வேண்டும். தனியார் காருக்கு முதல் பதிவு 15 ஆண்டு. அதன் பிறகு தகுதி பார்த்து ஐந்து ஐந்து ஆண்டாகப் புதுப்பிப்பார்கள். புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 வயது தாண்டிய கார்களுக்கு 2025இல் 10,000 ஆகிவிட்டது. ரிலே, நல்ல டயர், புது ஹோஸ், மூன்று புள்ளி சீட் பெல்ட் ஆகியவற்றை எந்த அதிகாரியும் தடுக்கப்போவதில்லை.

மாற்றவே முடியாத ஒன்று இருக்கிறது: மோதலில் ஆளைக் காக்கும் திறன். 800இல் ஏர்பேக் கிடையாது, இப்போதைய தரத்துக்கு ஏற்ற நொறுங்கும் பகுதியும் கிடையாது. தனியாகச் சேஸி இல்லாத அந்த உடலில் முழுப் பாரத்தையும் சுமப்பது மடித்துச் சேர்த்த தகடுகள்தான். அந்தத் தகடு பாதியாகத் தேய்ந்திருந்தால் தயாரித்தபோது இருந்த கொஞ்சப் பாதுகாப்பும் போய்விட்டது. ஆகவே தகட்டு வேலையை நான் அழகு வேலையில் சேர்க்கவே மாட்டேன். அது பிரேக்குக்குச் சமமான பாதுகாப்பு வேலை. அப்படியே செய்தாலும் இந்த வண்டி ஊருக்குள் ஓட்டத்தான், நால்வழிச் சாலையில் லாரிகளோடு போட்டி போட அல்ல.

வேலையை எப்போது வைத்துக்கொள்வது என்று கேட்டால், பெயின்ட் நன்றாகக் காய வேண்டும் என்பதால் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள். ஜூன் முதல் வாரம் மழை தொடங்கிவிடும். ஈரக்காற்றில் பிரைமருக்கு அடியில் ஈரத்தை வைத்து மூடிய வேலை இரண்டாம் ஆண்டே வெளியே தெரியும். ஒரே தவணையில் எல்லாம் செய்யப் பணமில்லை என்றால் முதல் ஆண்டு தகடும் பிரேக்கும் ஹோஸும், அடுத்த ஆண்டு மின்சாரமும் கூலிங்கும். பெயின்ட் அதற்கடுத்த ஆண்டுக்குக் காத்திருக்கட்டும்.

எப்போது கைவிடுவது என்பதற்கும் அதே அடித்தகடுதான் அளவு. முன்பக்கம் ஷாக் அப்சார்பர் மேலே வந்து பொருந்தும் இடமும், பின் சஸ்பென்ஷனைத் தாங்கும் இடமும் துருவில் ஓட்டையாகியிருந்தால், ஒட்டுப் போட்டு ஓட்டும்படி யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பிரேக் பிடிக்கும்போதும் குழியில் விழும்போதும் வரும் விசை முழுவதும் அந்த இடங்களில்தான் இறங்குகிறது. அந்த வண்டியின் கியர்பாக்ஸ், ஆல்டர்னேட்டர், நல்ல நிலையிலுள்ள கண்ணாடிகள், கதவுப் பூட்டுகள், ஸ்டியரிங் ரேக் ஆகியவற்றைக் கழற்றி வைத்துக்கொள்ளலாம். உற்பத்தி நின்றுபோன வண்டிக்கு அவை இனி எளிதில் கிடைக்காது. மிச்சமுள்ள கூட்டைப் பதிவு பெற்ற உடைப்பு மையத்தில் கொடுத்து, சான்றிதழ் வாங்கி, ஆர்.சி.யை ரத்து செய்துவிட்டு, துரு குறைந்த இன்னொரு 800ஐப் பாலக்காட்டுப் பக்கமோ கோவையிலோ தேடலாம்.